சிவப்புப் பட்டனும் ஒன்பதாவது டேக்கும்

ஒன்பதாவது டேக்கில்தான் அது வந்தது.

சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு ஷெட். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் முதல் ஷிப்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் இயக்கிய முதல் படத்தின் மிக முக்கியமான காட்சி. ஒரு தொழிலாளியின் கை, தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் காட்சி. ஆனால் படமே அதன் மேல்தான் நிற்கிறது.

கூரையில் நடுநடுவே கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் போட்டிருப்பார்கள், வெளிச்சம் வருவதற்கு. சாயங்கால வெயில் அதன் வழியாகச் சாய்ந்து சரியாக அந்த பிரஸ்ஸின் மேல் விழுந்தது. இருபது நிமிடம் இருக்கும், பிறகு போய்விடும் என்று கேமராமேன் சொல்லியிருந்தார். நான் அந்த இருபது நிமிடத்தையும் வயிற்றில் சுமந்துகொண்டு நின்றேன்.

நடிகர் இளங்கோ என்னோடு மேடையில் பல வருடம் நின்றவர். எட்டு முறை கத்தினார். எட்டும் நாடகக் கத்தல். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று கத்துகிற கத்தல். ஒன்பதாவது முறை எங்கிருந்தோ ஒன்று வந்தது. முதலில் சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்தது. பிறகு வந்த சத்தத்தில் எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றுவிட்டது. கடவுளே, இது கெட்டுவிடக் கூடாது, இன்னும் பத்து விநாடி போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

“ஆபண்டி! ஆபண்டி! ஸ்டாப்! ஸ்டாப்!”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். எங்களுக்கு டீ கொண்டுவரும் ராதம்மா. நிறுத்துங்கள் என்று தெலுங்கில் இரண்டு முறை, பிறகு நாங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் இரண்டு முறை.

கேமரா நின்றுவிட்டது. அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

பயந்தவன் கதை

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேட்டிகளில் வறுமை என்று அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, மரியாதையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. பத்தாவதில் பொதுப்பரீட்சை. ஹாலில் என் நம்பர் எழுதிய பெஞ்சு இல்லாமல் போனால்? பேனா எழுதாமல் போனால்? சாமல்பட்டி ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்று, நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால்? இப்படி யோசித்து யோசித்து, ஒரு நாள் போகாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாள் அப்படியே நீண்டுவிட்டது.

இன்றும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காவது முறை போனால் என் மனைவி, “நீங்க இழுத்து இழுத்துத்தான் அது ஒரு நாளைக்குக் கையோட வரப்போவுது” என்பாள். அதற்கும் பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிப்பட்டவன் எப்படி மேடைக்கு வந்தான், எப்படி சினிமாவில் வசனம் எழுதினான், எப்படி நூறு பேரை வைத்துப் படம் எடுத்தான் என்று கேட்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு அட்டை. உள்ளங்கை அகலத்தில், மஞ்சள் நிற அட்டை.

நடக்காத விபத்துகள்

ஹோசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தகடுகளை பிரஸ்ஸில் அடித்து வண்டிகளுக்கு பாகம் செய்கிற இடம். அங்கே வாசலில் ஒரு பெட்டியும் பக்கத்தில் மஞ்சள் அட்டைகளும் இருக்கும். நியர் மிஸ் கார்டு என்பார்கள். விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்று தோன்றினால் அதில் எழுதிப் போட வேண்டும். மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றாவது போட வேண்டும் என்று விதி. எல்லோரும் மாதக் கடைசியில், ‘தரையில் எண்ணெய்’ என்று எழுதிப் போடுவார்கள். வருடம் முழுக்க அந்தக் கம்பெனியில் தரையில் எண்ணெய்தான்.

எனக்கு அந்தப் பெட்டி கோயில் மாதிரி இருந்தது. வாழ்நாளெல்லாம் நான் பயந்ததைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். இங்கே ஒரு பெட்டி, எழுதிப் போடு, நாங்கள் படிக்கிறோம் என்கிறது. நான் ஒரு நாளைக்கு மூன்று போட்டேன்.

சேப்டி ஆபீசர் கலைவாணி மேடம் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருப்பார். ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று முடிவு செய்துகொண்டு போனேன். மேசையில் என் அட்டைகள் ஒரு கட்டாக இருந்தன.

“இதெல்லாம் நீங்களா எழுதுனீய?”

“ஆமாங்க மேடம். இனிமே எழுதலீங்க.”

“இருங்க. கேன்டீன் படியில சாம்பார் சிந்தியிருக்கு. சரி. செகண்ட் ஷிப்ட் ஆளு ஒருத்தர் தட்டோட வருவாரு, வழுக்கும். அதுவும் சரி. அன்னைக்கு அவரு மகளுக்குப் பொறந்த நாளு, சாயங்காலம் கேக் வாங்கிட்டுப் போகணும்னு எதுக்கு எழுதியிருக்கீய?”

“அப்பத்தான மேடம் அவரு விழக்கூடாதுன்னு தோணும்?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். “எல்லாரும் படியைப் பத்தி எழுதுதாங்க. நீங்க ஆளைப் பத்தி எழுதுதீய. பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு நாடகம் எழுதித் தாங்களேன்.”

எனக்கு எழுத்தாளன் என்று பெயர் வைத்தது அந்தச் சிரிப்புதான். பின்னாளில் பெரிய இயக்குநர்களிடம் வசனம் காட்டியிருக்கிறேன். அவர்கள் சொன்ன எந்தத் திருத்தமும் அந்த ஒரு கேள்வி அளவுக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நஞ்சப்பண்ணனின் கை

நாடகத்தை நானே எழுதி, நானே இயக்கி, நானே நடித்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

பிரஸ்ஸை இறக்க இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவசரக்காரர்கள் ஒரு பட்டனில் மரச்சக்கையைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அப்படி ஒருவன் கையை உள்ளே விட்டுவிடுகிறான். அதுதான் கதை. மேடை என்று தனியாக இல்லை. ஸ்டோர்ஸுக்கும், பிரஸ்கள் வரிசையாக நிற்கும் இரண்டாம் லைனுக்கும் நடுவில் இருந்த காலி இடம். ஷிப்ட் மாறும் நேரம். இந்தப் பக்கம் நாடகம், அந்தப் பக்கம் லைன் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த லைனில் நின்றவர் நஞ்சப்பண்ணன். பாகலூர்க்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும். நாடகம் பார்க்க வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது, “நாடகமா? தினமும் உன் மூஞ்சியப் பாக்கறது பத்தாதாடா மாதேசா? போ போ, நான் லைன் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டார்.

நான் கத்தினேன்.

ஒத்திகையில் அப்படிக் கத்தவில்லை. அன்று முன்னால் இருநூறு பேர். கையை உள்ளே விட்ட அந்த நொடியில், அத்தனை வருடம் நான் பயந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஷெட்டில் சத்தமே இல்லை. கைதட்டலும் இல்லை. அந்தப் பக்கம் இரண்டாம் லைன் முழுவதும் நின்றிருந்தது. நஞ்சப்பண்ணனின் உள்ளங்கை, காளான் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சிவப்புப் பட்டனின் மேல் இருந்தது. அமுக்கிவிட்டார். அதை அமுக்கினால் எல்லாம் நிற்கும். மறுபடி ஓட வைக்க அரை ஷிப்ட் ஆகும். வெளியே லாரி காத்திருந்தது. பாகம் போகாவிட்டால் கர்நாடகாவில் இன்னொரு கம்பெனியில் வண்டித் தயாரிப்பே நின்றுபோகும்.

அவர் என்னைப் பார்த்தார். என் இரண்டு கையும் நன்றாக இருப்பதைப் பார்த்தார். பிறகுதான் பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

நான் சொன்ன பொய்

மறுநாள் மேனேஜர் அறையில் எனக்கும் நஞ்சப்பண்ணனுக்கும் விசாரணை. கலைவாணி மேடமும் இருந்தார். கண்ணாடி அறை. வெளியே போகிறவர்கள் எல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டே போனார்கள். கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப ஒரு காகிதம்கூட வேண்டாம். நாளையிலிருந்து வராதே என்றால் போதும்.

மேனேஜர் முதலில் என்னைக் கேட்டார். “லைன்ல இருக்கறவன் நிஜம்னு நினைக்கிற அளவுக்கு எதுக்குய்யா கத்தினே?”

இதைப் பல வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்ன பதில்: “நான் மெதுவாத்தான் சார் கத்துனேன்.”

சொன்ன பிறகுதான் அதன் பொருள் எனக்கே புரிந்தது. நான் மெதுவாகக் கத்தியிருந்தால், ஒன்றுமில்லாததற்கு லைனை நிறுத்திய முட்டாள் அவர். நஞ்சப்பண்ணன் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். கோபம் இல்லை. ஒன்றும் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

“நஞ்சப்பா, நாடகம்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே அமுக்கினியா?”

“கத்துனது கேட்டுச்சு, அமுக்கிட்டேன். போயி நாடகமா நெஜமானு பாத்துட்டு வந்து அமுக்கணும்னா சொல்லுங்க சார். அடுத்த வாட்டி அப்படியே பண்றேன்.”

அவரே மறுபடி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “முன்னால ஒரு கம்பெனியில வேலை செஞ்சேன். அங்க ஒரு வாட்டி யோசிச்சேன் சார். ஒரே ஒரு செகண்டு. சும்மா கத்தறானோனு. அதோட யோசிக்கறத விட்டுட்டேன்.”

அந்தக் கம்பெனியில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை.

கலைவாணி மேடம்தான் பேசினார். “இவரை ஏதாவது பண்ணினா நாளைக்கு ஒருத்தனும் அந்தப் பட்டன் மேல கை வைக்கமாட்டான் சார். நாம வருஷம் முழுக்க சொல்லிக்கொடுத்ததை இவரு ஒருத்தர்தான் செஞ்சிருக்காரு.”

மேனேஜர் பேனாவை மூடினார். பிறகு, பல் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “தேங்க்ஸ் நஞ்சப்பா” என்றார். நாங்கள் கதவுப் பக்கம் போகும்போது என்னை நிறுத்தினார். “மெதுவாக் கத்தினதுக்கே லைன் நின்னுபோச்சு. அடுத்த வருஷம் நாடகத்தை கிரவுண்ட்ல வச்சுக்கோ.”

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை நான் நாலு நாள் மிட்டாய் மாதிரி வாயிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரமே இரண்டாம் லைன் சுவரில் ஒரு போர்டு வந்தது. மேடம் எழுதியது. ‘நிறுத்தியவருக்கு முதலில் நன்றி சொல்லவும். காரணத்தை அப்புறம் கேட்கவும்.’

நஞ்சப்பண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன். அவர் எப்போதும் போல, “வாடா, மெதுவாக் கத்தறவனே” என்று கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். அந்தக் கிண்டலில் குத்தல் இருந்ததா என்று பத்து வருடம் யோசித்திருக்கிறேன். யோசிப்பதுதானே என் தொழில்.

மேடையும் திரையும்

அந்த நாடகம் கிரவுண்டுக்குப் போனது. பிறகு பக்கத்துக் கம்பெனிகளின் பாதுகாப்பு வாரங்களுக்குப் போனது. ஒரு கம்பெனியில் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோசூரில் நாடகம் போடும் குழுவுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கேதான் இளங்கோவைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மேடைக்கு வந்தேன். அந்த முடிவை எடுக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சினிமாவில் முதலில் பிணமாக நடித்தேன். மூச்சு தெரிகிறது என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். பிறகு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன், ஏட்டு, வாட்ச்மேன். மூன்று பாஷை கலந்து பேசும் எல்லைப் பக்கத்து ஆட்கள் கதையில் வந்தால் வசனம் எழுதக் கூப்பிட்டார்கள். அப்படியே ஒரு நாள், நீயே ஒன்று இயக்கு என்றார்கள்.

முதல் நாள் படப்பிடிப்பில் எல்லோரையும் நிற்க வைத்து ஒன்றுதான் சொன்னேன். இங்கே யாருக்கு எது தப்பாகத் தெரிந்தாலும் ஸ்டாப் என்று கத்தலாம். லைட்மேன், டிரைவர், டீ கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் சரி. ஏன் என்று யாரும் அதட்டக் கூடாது. முதலில் நன்றி. இதைக் கேட்டுத் தயாரிப்பு மேனேஜர் சிரித்தார். ராதம்மா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பத்தாவது டேக்

அந்த ராதம்மாதான் இப்போது ஒன்பதாவது டேக்கை நிறுத்தியிருந்தார்.

“டீ கொண்டார்ற அம்மாவுக்கு ஷாட்டுல என்ன வேலை? யாரு உள்ள விட்டது?” தயாரிப்பு மேனேஜர் பாய்ந்து வந்தார். கேமராமேன் கூரையைப் பார்த்தார். வெயில் பிரஸ்ஸின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டிருந்தது. இளங்கோ பிரஸ்ஸுக்குள் கையை வைத்தபடியே இருந்தார்.

ராதம்மாவின் இடுப்பில் டீ ஃபிளாஸ்க் சாய்ந்து சேலையெல்லாம் டீ. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

என் வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. அச்சில் போட முடியாத வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால், இன்னொரு கண்ணாடி அறையில் இன்னொரு முறை பொய் சொன்னவன் ஆகியிருப்பேன்.

“நன்றிம்மா,” என்றேன்.

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனதிலிருந்து வரவில்லை. வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு, “என்னம்மா பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“அவருக்குக் கண்ணு சொருகிப்போச்சு சார். நடிப்புனா கண்ணு அப்படிப் போவாதேனு... நெஜமாவே மாட்டிக்கிச்சுனு நெனச்சுட்டேன். தப்பா சார்?”

“தப்பே இல்லம்மா.”

இளங்கோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, இருபது வருஷமா நடிக்கிறேன். இந்த மாதிரி ஒருத்தரும் சொன்னதில்ல” என்றார். அப்போதுதான் ராதம்மாவுக்கு அழுகை வந்தது. தயாரிப்பு மேனேஜரே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆறு நிமிட வெயில் மிச்சம் இருந்தது. பத்தாவது டேக் எடுத்தோம். ராதம்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றார். வெளிச்சம் கொஞ்சம் மங்கல். இளங்கோவின் குரலும் ஒன்பதாவது மாதிரி இல்லை என்றே எனக்குப் பட்டது.

படத்தில் நீங்கள் பார்ப்பது அந்தப் பத்தாவது டேக்தான். எடிட்டிங் முடியும்வரை அது என்னை அரித்தது. ஒன்பதாவதை, அது நின்ற இடம்வரை, எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. காட்சி செத்துவிட்டது, அதோடு படமும் போய்விட்டது என்றே நம்பினேன். எடிட்டர், “சார், நல்லாத்தான் இருக்கு” என்பார். என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைப்பேன்.

பக்கத்து இருக்கை

படம் வெளியான வாரம், பாகலூருக்கே போய் நஞ்சப்பண்ணனைக் கூட்டிவந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரோஜாத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோசூர் தியேட்டரில் பகல் காட்சி. பாதிதான் நிரம்பியிருந்தது. அவர் பாப்கார்ன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னுடையதைத் தின்றுகொண்டிருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று அந்தக் காட்சிக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

வந்தது. அந்த மங்கல் வெளிச்சம். இளங்கோவின் வாய் திறந்தது. கத்தல்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியின் மேல் பட்டென்று ஒரு அடி விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நஞ்சப்பண்ணனின் உள்ளங்கை. கைப்பிடியை அமுக்கியபடியே இருந்தது. பாப்கார்ன் என் மடியெல்லாம் சிந்தியிருந்தது.

அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அத்தனை மாதம் என் வயிற்றில் இருந்த ஒன்பதாவது டேக் அப்போதுதான் இறங்கியது.

அவர் காதருகில் குனிந்தேன். “ணா. அன்னிக்கு நான் மெதுவாக் கத்தலீங்ணா. முழுசாத்தான் கத்துனேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டவன் நானு, எனக்குத் தெரியாதா? சும்னிருடா, பேசாத, அவனுக்குக் கை என்னாச்சுனு பாக்கணும்.”